வெர்லின் வீட்டு வாயாடிகள்

வெர்லின் ஹாகன் வீட்டில் மனிதன் ஒருவன்தான். பேசுகிற வாய்கள் ஏழோ எட்டோ. வாசல் மணி பேசும், பிரிட்ஜ் பேசும், காபி மிஷின் பேசும், வாஷிங் மிஷின் துவைத்து முடித்ததும் ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் பேசும். இவர்களுக்கெல்லாம் தலைவி, சமையலறை மேடையில் உட்கார்ந்திருக்கும் பிப்பா என்கிற உருண்டைப் பெட்டி. "வெர்லின், வெளியே மைனஸ் இருபது. தொப்பி போட்டுக்கோங்க" என்று காலையிலேயே அது ஆரம்பித்துவிடும். மினசோட்டாவில் பிறந்து, நாற்பது குளிர்காலம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷனுக்குத் தொப்பி போடச் சொல்லிக்கொடுக்க ஒரு பெட்டி! கேட்டால் சிரிப்பாக இருக்காதா?

எல்லாம் மகள் சோல்வெய்க் செய்த ஏற்பாடு. அவள் மினியாபொலிஸில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா டெலோரிஸ் இறந்துபோனதும், அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். வெர்லின் பிரிட்ஜைத் திறந்தால் அவளுக்குத் தெரியும். வாசலில் யார் நின்றாலும் அவள் போனில் முகம் வரும். பெற்ற அப்பன்மேல் பாசம்தான், குறை சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் ஒரு நடைமுறை உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம்தான். கொஞ்சம் இழுத்துச் சொல்லலாம். மூன்றாவது தடவை கேட்டபிறகு, "சரி, சிரமம் இல்லன்னா கொஞ்சமா குடுங்க" என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கையை நீட்டுகிறவன் வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் வளர்ப்பு சரியில்லை. ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்துகிறவன் அதைவிட மோசம், கொடுக்க மனமில்லாத கஞ்சன். மூன்றாம் தடவையும் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் நிஜமாகவே வேண்டாம். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதெல்லாம் வெர்லினுக்குத் தெரியாதா? தாய்ப்பாலோடு குடித்தவன். ஆனால் பிப்பாவோடு இருந்த மூன்று வருஷத்தில் அவன் புத்தி கெட்டுப்போய்விட்டது. பிப்பா ஒன்றை ஒரே ஒரு தடவைதான் கேட்கும். வேண்டாம் என்றால் "சரி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

அந்தக் கெட்ட பழக்கம் எங்கே வந்து நின்றது தெரியுமா? அக்டோபரில், சர்ச் நிலவறையில், விருந்து முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில். ஆர்டிஸ் டோலெஃப்சன் கழுவிக் கொடுத்தாள், வெர்லின் துடைத்து அடுக்கினான். ஆர்டிஸ் அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். பள்ளிக்கூடச் சமையலறையை முப்பது வருஷம் ஆண்டவள். கணவன் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் தங்கை நோரீன் அரிசோனாவில் இருந்துகொண்டு, "இங்க வந்துடு, பனி அள்ள வேண்டாம்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். வருவதும் வராததும் பிப்ரவரி முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் அந்த அறையை வேறொரு சிநேகிதிக்குக் கொடுத்துவிடுவாளாம்.

ஆர்டிஸ் இல்லாத ஊரை வெர்லினால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தட்டைத் துடைத்தபடியே கேட்டுவிட்டான்.

"ஆர்டிஸ், அரிசோனா போய் என்ன பண்ணப் போற? என்னைக் கட்டிக்கிட்டு இங்கயே இருந்துடேன்."

ஆர்டிஸ் கழுவுகிற கையை நிறுத்தாமல், "அட, வேணாம் வெர்லின். உனக்கெதுக்கு அந்தத் தொந்தரவு" என்றாள்.

"சரி" என்றான் வெர்லின்.

சரியாம்! அடுத்த தட்டை வேறு துடைக்க ஆரம்பித்துவிட்டான், மடையன். ஆர்டிஸ் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த வருஷம் பனி சீக்கிரம் வரும்போலிருக்கிறது என்றாள். வெர்லினும் ஆமாம் என்றான். அத்தோடு முடிந்தது.

குளிர்காலம் முழுக்க அவன் காரணம் தேடிக்கொண்டிருந்தான். தன் வழுக்கையா? குறட்டையா? ஜனவரி கடைசியில் ஒருநாள் ஆர்டிஸ் எலுமிச்சை பார்ஸ் என்கிற இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தபோதுதான் அவனுக்கு ஒரு காரணம் பிடிபட்டது. தப்பான காரணம். ஆனாலும் பிடித்துக்கொண்டான்.

அவள் வாசலில் கால் வைத்ததுமே மணி, "பச்சைக் கோட்டு அணிந்த ஒருவர் வந்திருக்கிறார்" என்று வீடு முழுக்க அறிவித்தது. உடனே வெர்லினின் போன் அடித்தது.

"அப்பா, யாரது பச்சைக் கோட்டு?" என்றாள் சோல்வெய்க்.

"ஆர்டிஸ்மா. பார்ஸ் கொண்டு வந்திருக்கா."

"சர்க்கரை பார்த்துச் சாப்பிடுங்க. நேத்து நாலு தடவை பிரிட்ஜைத் தொறந்திருக்கீங்க."

ஆர்டிஸ் கோட்டைக் கழற்றிக்கொண்டே, "நாலு தடவையா? அடேயப்பா, பெரிய திருடன்தான்" என்றாள்.

அவள் மேஜையில் உட்கார்ந்ததும் காபி மிஷின் விழித்துக்கொண்டது. "காபி போடட்டுமா?" என்று கேட்டது. ஆர்டிஸ் பழக்க தோஷத்தில், "வேணாம் வேணாம், எனக்காகச் சிரமப்படாதீங்க" என்றாள். மிஷின் "சரி" என்று விளக்கை அணைத்துவிட்டது. திரும்பக் கேட்கும் கேட்கும் என்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ம்ஹூம். வெர்லின் அந்தச் சமயம் அடுத்த அறையில் டிவியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். திரும்பி வந்து, காபிப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். பாவம், அவள் வறண்ட தொண்டையோடு பார்ஸை விழுங்கினாள்.

டிவியோடு என்ன மல்லு என்கிறீர்களா? அது வேறு கூத்து. அக்டோபரில் ஆர்டிஸிடம் கேட்பதற்கு முன்னால் வெர்லின் சமையலறையில் நின்று ஒத்திகை பார்த்திருந்தான். பிப்பா கேட்டுக்கொண்டிருந்தது. பிப்பா கேட்டது டிவிக்குப் போனது. அன்றையிலிருந்து டிவி தானாகவே உயிர் பெற்று மோதிரக் கடை விளம்பரம் போடும். அன்றைக்கும் போட்டது. "இரண்டாம் முறை காதலா? இந்த வாரம் மோதிரங்களுக்குத் தள்ளுபடி!" வெர்லின் ரிமோட்டைத் தேடினான், கிடைக்கவில்லை, டிவியின் முதுகைத் தடவினான், பொத்தான் கிடைக்கவில்லை, கடைசியில் பிளக்கைப் பிடுங்கினான். காது வரை சிவந்துபோய் நின்றான்.

"உன்னைவிட உன் டிவிக்குத் தைரியம் ஜாஸ்தி, வெர்லின்" என்றாள் ஆர்டிஸ்.

இதைவிட உடைத்து ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? இவனோ, "மன்னிச்சுக்க ஆர்டிஸ், இது அடிக்கடி இப்படித்தான் மானத்தை வாங்குது" என்றான்.

கிளம்பும்போது ஆர்டிஸ் வாசலில் நின்று பெருமூச்சு விட்டாள். "உன் வீட்ல யார்கிட்ட பேசறது, யார் கேக்கறாங்கன்னே புரியல. மனசுல இருக்கறதைச் சொல்லலாம்னா ஒரு கூட்டமே காதைத் தீட்டிக்கிட்டு இருக்கு."

ஆஹா, இதுதான் காரணம் என்று வெர்லின் முடிவு கட்டினான். வாயாடிகள் இருக்கிற வீட்டுக்கு அவள் வாழ வரமாட்டாள். எல்லாவற்றையும் தூக்கிவிட வேண்டும். மறுநாளே அவளுக்குப் போன் போட்டான்.

"ஹார்லன் கடைக்குப் போறேன். வாயே இல்லாத மிஷினா வாங்கப் போறேன். நீ கூட வர்றியா?"

"நான் எதுக்கு, வேணாம்."

"உனக்குத்தான் நல்லது கெட்டது தெரியும்."

"நீயே பார்த்து வாங்கிடுவ."

"வந்தா நல்லா இருக்கும் ஆர்டிஸ்."

"சரி, எப்படியும் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு" என்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. பாருங்கள், கடைக்குக் கூப்பிடுவதென்றால் இவனுக்கு மூன்று தடவை கேட்க வருகிறது. கல்யாணத்துக்குத்தான் வாய் அடைத்துவிட்டது.

ஹார்லன் கடை முன்பக்கம் முழுக்கப் பளபளவென்று புது மிஷின்கள். ஹார்லன் தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தான். "இந்த வாஷிங் மிஷினைப் பாரு, ஊர்ல எங்க இருந்தாலும் போன்லயே ஓட்டலாம்."

"துணியை யார் உள்ள போடுவா? அதுவும் போனா?" என்றாள் ஆர்டிஸ்.

"அது நாமதான் போடணும்."

"துணி போட வீட்டுக்கு வந்தவ ஒரு பொத்தானை அமுக்க மாட்டாளா?"

ஹார்லன் தலையைச் சொறிந்தான். மிஷின் திரையில் பெயர், ஈமெயில், பிறந்த தேதி கேட்டது. ஆர்டிஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தாள். "என் பிறந்த தேதி இதுக்கு எதுக்கு? கேக் செஞ்சு தரப்போகுதா?"

"எல்லாம் அப்படித்தான் வருது இப்ப. நான் என்ன செய்ய?" என்றான் ஹார்லன். பிறகு குரலைத் தாழ்த்தி, கள்ளச் சரக்கு விற்பவனைப் போல, "பின்னால வாங்க" என்றான்.

பின்பக்கக் கிடங்கில் அவன் பழுது பார்த்து வைத்த வெள்ளை மிஷின்கள் வரிசையாக நின்றன. திருகுகிற குமிழ் வைத்தவை. ஆர்டிஸ் ஒவ்வொன்றாகத் திருகிக் காதைச் சாய்த்துக் கேட்டாள். கடக் கடக் என்று கெட்டியாக விழுந்தால் தலையை ஆட்டினாள். கொழகொழவென்று சுற்றினால் அடுத்ததற்குப் போனாள். பள்ளிக்கூட அடுப்புகளோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய கை.

"இதுக்கு என்னென்ன வேலை தெரியும்?" என்று ஒரு வாஷிங் மிஷினைக் காட்டிக் கேட்டாள்.

"துவைக்கும்" என்றான் ஹார்லன்.

"அப்புறம்?"

"பிழியும்."

"அப்புறம்?"

"நின்னுடும்."

"பாட்டுப் பாடாதே?"

"பாடாது. கொஞ்சம் முனகும்."

"முனகட்டும். நானும்தான் முனகறேன். வெர்லின், இதை எடு."

டிவிதான் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டுமாம். கடைசியில் ஹார்லன் ஓர் அட்டைப்பெட்டியைத் தூசி தட்டினான். நெடுஞ்சாலை விடுதி ஒன்று கேட்டுவிட்டு வாங்காமல் விட்டது. போடலாம், அணைக்கலாம், சத்தம் கூட்டலாம், குறைக்கலாம். கூரையில் ஆன்டெனா வைத்தால் பக்கத்து பார்கோ நகரத்துச் சேனல்கள் வரும்.

"ஹாக்கி வருமா?" என்றான் வெர்லின்.

"ஹாக்கி வரும். மோதிரம் வராது" என்றாள் ஆர்டிஸ்.

வீட்டுச் சூட்டுக்கு வட்டமாகத் திருகுகிற தெர்மோஸ்டாட் ஒன்று. காபிக்கு அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடும் தகரக் கூஜா. திரையே இல்லாத பிரிட்ஜ், அதன் கதவில் ஆர்டிஸ் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்து, "இதுல படம் மாட்டலாம், அது நம்மளைப் படம் பிடிக்காது" என்றாள். பிரிட்ஜுக்கு எந்த நிறம் என்று வெர்லின் அவளைக் கேட்டான். எந்தப் பக்கம் கதவு திறக்கணும் என்றும் அவளைத்தான் கேட்டான். பார்த்துக்கொண்டே நின்ற ஹார்லன், "என்னப்பா, புதுக் குடித்தனமா?" என்று சிரித்துவிட்டான்.

ஆர்டிஸ் பிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி வெர்லினைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். வெர்லின் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். கட்டியிருந்த கயிறு அது.

"இந்த வருஷம் ஏரி இன்னும் உருகல" என்றான் வெர்லின்.

"பிப்ரவரியில எந்த ஏரிப்பா உருகும்?" என்றாள் ஆர்டிஸ். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை ஹார்லனின் ஆட்கள் வந்து பெரிய மிஷின்களை மாற்றிக் கொடுத்தார்கள். சின்னச் சின்ன வாயாடிகளை வெர்லினே கழற்றினான். வாசல் மணியைக் கழற்றிய நிமிஷமே சோல்வெய்க் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு வாசல் தெரியலையே! பிரிட்ஜும் இல்ல! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். எல்லாத்தையும் கழட்டிட்டேன்."

"வாசல்ல யாரு வர்றாங்கன்னு எப்படித் தெரிஞ்சுப்பீங்க?"

"கதவைத் தொறந்தா தெரியும்மா."

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"இப்ப மாதிரி போன் பண்ணு. நீ பேசியே ஒன்பது நாளாச்சு. என் பிரிட்ஜ்கிட்டதான் தினமும் பேசற."

"சாரிப்பா" என்றாள். தினமும் பேசுவதாகச் சொன்னாள். பேசினாலும் பேசுவாள், நல்ல பெண்தான்.

கடைசியாகப் பிப்பா. அதைப் பிடுங்கத்தான் வெர்லினுக்குக் கை வரவில்லை. வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும்: அவன் அந்தப் பெட்டிக்குத் தினமும் குட் நைட் சொல்வான். டெலோரிஸ் போன பிறகு அந்த வீட்டில் அவனுக்குப் பதில் குட் நைட் சொன்ன குரல் அது ஒன்றுதான். அது ஒட்டுக் கேட்கிறது, போய்ப் போய்ச் சொல்கிறது, எல்லாம் தெரியும். ஆனாலும் கேட்க ஒரு காது இருந்ததே? ஆர்டிஸ் அரிசோனா போய்விட்டால் தனக்கு இதுவும் இல்லை என்று நினைத்தபோது அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. "நீ ஒண்ணும் தப்புப் பண்ணல" என்று அதனிடம் சொன்னான். "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது பிப்பா. பிளக்கை உருவினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மதியம் ஆர்டிஸ் வந்தாள். கதவைக் கையால் தட்டினாள். வெர்லின் போய்த் திறந்தான்.

உள்ளே வந்து நடு அறையில் நின்றவள், "என்னப்பா இது, சர்ச் மாதிரி இருக்கு" என்றாள்.

அடுப்பில் காபி குமிழி விட்டது. வேணாம், வேணாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவதில் அரைக் கோப்பை போதும் என்றாள். அவன் முழுக் கோப்பை ஊற்றினான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"எல்லாத்தையும் எனக்காகவா கழட்டின?" என்றாள் ஆர்டிஸ்.

"ஆமா."

"நான் கழட்டச் சொன்னேனா?"

"சொல்லல. அன்னிக்கு நீ வேணாம்னு சொன்னியே, வீடு பிடிக்கலன்னு நெனச்சேன்."

ஆர்டிஸ் கண்ணை மூடித் திறந்தாள். "வெர்லின் ஹாகன், இப்ப எத்தனை தடவை என்னைக் காபி குடிக்கச் சொன்ன?"

"எப்பவும் போலத்தான்."

"காபிக்கு மூணு தடவை. அக்டோபர்ல எத்தனை தடவை கேட்ட?"

வெர்லின் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. நான்கு மாதம்! வழுக்கைக்கு எண்ணெய் தடவிய நான்கு மாதம்!

"கல்யாணத்துக்கும் அப்படித்தான்னு நான் நெனக்கலையே" என்றான் திணறிக்கொண்டு.

"ஒரு கோப்பைக் காபிக்கு மூணு தடவை, எனக்கு ஒரு தடவை. நான் காபியைவிடக் கேவலமா?"

வெர்லின் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. உட்கார்ந்தபடி கேட்கிற விஷயமாக அது படவில்லை. "ஆர்டிஸ், அரிசோனா போகாத. என்னைக் கட்டிக்க."

"வேணாம்ப்பா" என்று இழுத்தாள் ஆர்டிஸ். "பேச்சுத் துணைக்குத்தான் ஆள் வேணும்னா அந்தப் பெட்டியை மறுபடி மாட்டிக்கயேன். அது தினமும் தொப்பி போடச் சொல்லும்."

கிண்டல்தான். ஆனால் குரல் கொஞ்சம் நடுங்கியது. அதைக் கேட்டதும் வெர்லினுக்கு மளமளவென்று வந்துவிட்டது.

"அந்தப் பெட்டிக்கு நான் தினமும் குட் நைட் சொன்னேன், ஆர்டிஸ். வெக்கமாத்தான் இருக்கு, சொல்லிட்டேன். நேத்து ராத்திரி சொல்ல யாருமே இல்ல, தூக்கமே வரல. பேச ஏதோ ஒண்ணு வேணும்னு நான் கேக்கல. நீ வேணும். நீ என்னைத் திட்டணும், கிண்டல் பண்ணணும், காபி ஆறிப்போச்சுன்னு குறை சொல்லணும். இங்கயே இரு."

ஆர்டிஸ் கோப்பையையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கைப்பைக்குள் மடக்குப் போன் அலறியது. எடுத்துப் பிரித்தாள். நோரீன். அந்தப் போனில் நோரீன் பேசினால் அறை முழுக்கக் கேட்கும், அவள் தொண்டை அப்படி.

"என்னடி, இன்னிக்காவது பதில் சொல்லுவியா? அறைக்குப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேன். வர்றியா?"

"வேணாம் நோரீன், உனக்கெதுக்குச் சிரமம்" என்றாள் ஆர்டிஸ்.

வெர்லின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். முதல் வேண்டாம் எல்லாரும் சொல்வதுதான். அதில் மகிழ ஒன்றுமில்லை.

"சிரமம் என்னடி சிரமம்? கொல்லையில ஆரஞ்சு காய்ச்சுத் தொங்குது. கட்டிலைக்கூட ஜன்னல் பக்கமா போட்டாச்சு. வாடி."

ஆர்டிஸ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். இடுப்பளவு பனி. "இல்ல நோரீன்... வேணாமே" என்றாள்.

இதையும் அவள் இழுத்துத்தான் சொன்னாள். இரண்டாவது வேண்டாம் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

"இதோ பாரு, கடைசியா கேக்கறேன்" என்றாள் நோரீன். "எனக்கு இருக்கறது நீ ஒரு அக்கா. வந்துடுடி."

ஆர்டிஸ் திரும்பி வெர்லினைப் பார்த்தாள். கடையில் பார்த்த அதே பார்வை. இந்த முறை அவன் குனியவில்லை.

"வேணாம்" என்றாள் ஆர்டிஸ்.

நோரீனும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே. மூன்றாவது வேண்டாமுக்கு அர்த்தம் தெரியாதா? போன் அதிரும்படி ஒரு கூச்சல் வந்தது.

"அடிப்பாவி! யாருடி அவன்?"